டைம் கீப்பர் ஓய்வெடுக்கப் போகிறார்

“கரையில இப்ப எத்தனை பேர் இருக்காங்க?” என்று போனில் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நிற்கிறார் எங்கள் கீழ்வீட்டுக்காரர். தினமும் மாலை ஐந்து நாற்பதுக்கு இந்த அழைப்பு. மறுமுனையில் இருப்பவர் ஏழு மணி நேரப் பயண தூரத்தில், கடலை ஒட்டி நாலே அறைகள் வைத்து விடுதி நடத்துகிறவர். பாவம், ஒவ்வொரு நாளும் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்து எண்ணிச் சொல்கிறார்.

“ஏழு பேர் சார். அதுல ரெண்டு பேர் என் மாமனார் மாமியார்.”

“நாங்க வர்றப்பவும் இருப்பாங்களா அவங்க?”

“அவங்க எப்பவும் இருப்பாங்க சார்.” அந்தக் குரலில் பல வருடச் சலிப்பு தெரிந்தது.

நோட்டில் “ஐந்து; தவிர நிரந்தரம் இரண்டு” என்று எழுதிக்கொண்டார். கூட்டமில்லாத கடற்கரைதான் வேண்டும் என்று அவர் மனைவி சொல்லியிருந்தார். சொன்னால் போதுமா, நிரூபிக்க வேண்டாமா?

அவர் நகரப் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். இருபத்தெட்டு வருட சர்வீஸ். தெருவில் எல்லோருக்கும் அவர் டைம் கீப்பர்தான். கோபம் வந்தால் மனைவிக்கும். நிலையத்தின் நடுவே ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பார். நாலு பக்கமும் ஹாரன். நடத்துனர்கள் ஜன்னல் வழியாக நீட்டும் தாளில் பஸ் வந்த நேரத்தையும் புறப்படும் நேரத்தையும் குறித்துக் கொடுப்பார். இரண்டு நிமிடம் பிந்திவிட்டால் தலையை நிமிர்த்தி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. அதற்கு மெமோவே தேவலை என்பார்கள் டிரைவர்கள். “நாலு நிமிஷம் கையில இருக்கு, டீ குடிச்சிட்டு வா” என்பதுதான் மனித குலத்துக்கு அவர் செய்கிற அதிகபட்ச உபகாரம்.

வீட்டிலும் அதே சட்டம்தான். விருந்தாளி செருப்பு மாட்டக் குனிந்தால் “எடுங்க, எடுங்க” என்று பஸ்ஸைக் கிளப்புவதுபோலக் கிளப்பிவிடுவார். மாடிப்படியில் என்னைப் பார்த்தால், “இன்னிக்கு அஞ்சு நிமிஷம் லேட் போலிருக்கே?” என்று கேட்பார். எனக்குப் போக இடமே கிடையாது. வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பிழைக்கிறவன் நான்.

மனைவி பெரிய மருத்துவமனையில் நர்ஸ். பகல் முழுக்க நாற்பது கட்டிலிலிருந்தும் “சிஸ்டர், சிஸ்டர்” என்று கூப்பிடுவார்கள். நாலு நாள் யாரும் கூப்பிடாத இடத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. இவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். உடனே திட்டம் போட உட்கார்ந்தார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

பதினெட்டு வருடத்துக்கு முன் இருவரும் ஒருமுறை வெளியூர் போயிருக்கிறார்கள். மூன்று நாளில் பதினோரு இடம். “அந்த மூணு நாள்ல நான் நல்லாப் பார்த்தது இவர் முதுகைத்தான் சார். முன்னாடியே ஓடிட்டிருந்தாரு” என்றார் அந்த அம்மா என்னிடம்.

இந்தத் தடவை அப்படி இல்லை, நிதானமான பயணம் என்று சொல்லித்தான் தாளை நீட்டினாராம். டெப்போவில் பயன்படுத்தும் அதே படிவம். “5.10 – 5.40 கடலைப் பார்த்தல். 5.40 – 5.55 ஓய்வு. 5.55 மீண்டும் கடல்.” கடைசிக் கட்டத்தில் ‘தாமதத்துக்கான காரணம்’ என்று அச்சடித்திருந்த இடத்தில், முன்கூட்டியே “அலை” என்று எழுதி வைத்திருந்தார்.

“ஓய்வெடுக்க லேட்டா வந்தா மெமோ குடுப்பீங்களா?” என்று கேட்ட மனைவி, அன்றே நிபந்தனையும் போட்டுவிட்டார். மொட்டை மாடியில் அரை மணி நேரம் தன்னோடு சும்மா உட்கார்ந்து காட்ட வேண்டும். எழுந்திருக்கக் கூடாது, மணி கேட்கக் கூடாது. முடியாவிட்டால் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். நடுவர் நான்.

அன்று சாயங்காலம் என் கதவைத் தட்டினார். முகம் வெளிறியிருந்தது.

“சொன்னா செஞ்சிடுவா சார் அவ. கடல் எனக்கு முக்கியமில்ல. அவளோட போகணும் சார், அவ்வளவுதான்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “நீங்க நாள் பூரா ஜன்னல்கிட்ட சும்மாவே உட்கார்ந்திருக்கீங்க. எப்படி சார் முடியுது?” என்றார்.

நான் வேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்த அத்தனை வருடங்களையும் ஒரே கேள்வியில் அள்ளிக் குப்பையில் போட்டார். கோபிக்க முடியவில்லை, அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். “எதையாவது பாருங்க, ஆனா எண்ணாதீங்க” என்று சொல்லி அனுப்பினேன்.

முதல் ஞாயிறு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டாயிற்று. கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் ஒப்படைத்தார். நாலாவது நிமிடம் எழுந்து போய்ப் பூந்தொட்டிகளை ஒரே வரிசையாக நகர்த்திவிட்டு, தான் எழுந்ததே தெரியாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். அடுத்த ஞாயிறு பரவாயில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் திடீரென்று, “பதினோரு நிமிஷம் ஆகியிருக்குமே” என்றார். பார்த்தேன், சரியாகப் பதினொன்று. எனக்கு மனம் இளகியது. அந்த அம்மாவுக்கு இளகவில்லை.

“அடுத்த ஞாயிறுதான் கடைசி. திங்கக்கிழமை லீவு எழுதிக் குடுக்கணும். யார்கூடப் போறேன்னு அதுக்குள்ள தெரியணும்.”

மூன்றாவது ஞாயிறு. கொடி நிறைய அந்த அம்மா துவைத்துப் போட்ட யூனிஃபார்மும் போர்வைகளும். நான் படிக்கட்டுக் கதவடியில், கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் தாண்டிவிட்டது. மனிதர் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான்தான் நிமிடத்துக்கு நாலு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன்.

அப்போது தூறல் விழுந்தது.

அவர் கண் துணிகளுக்குப் போனது. அங்கிருந்து மனைவிக்கு வந்தது. மறுபடி சுவருக்கே திரும்பிவிட்டது. இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியில் விழுந்த துளியைக்கூடத் துடைக்கவில்லை. பக்கத்தில் அந்த அம்மாவின் கால் ஆட ஆரம்பித்திருந்தது. தூறல் மழையாக வலுத்த இருபத்து மூன்றாவது நிமிடத்தில், “நாளைக்குப் போட வேற யூனிஃபார்ம் இல்லையே” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாதான் எழுந்து ஓடினார். கிடைத்ததையெல்லாம் வாரி அணைத்துக்கொண்டு என்னருகே கதவுக்குள் வந்து நின்றுதான் திரும்பிப் பார்த்தார்.

டைம் கீப்பர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது.

“எழுந்து வாங்க. நனையுறீங்க பாருங்க.”

“இருக்கட்டும்மா,” என்றார் அவர். அடுத்த வார்த்தையைப் பழக்கமில்லாத நாக்கு தேடிப் பிடித்தது. “அவசரம் ஒண்ணும் இல்லையே.”

அந்த அம்மா ஈரத் துணி மொத்தத்தையும் என் கையில் திணித்துவிட்டு மழைக்குள் இறங்கி நடந்தார். டைம் கீப்பர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சாய்ந்து, பக்கத்து நாற்காலியில் தேங்கியிருந்த தண்ணீரை உள்ளங்கையால் வழித்துவிட்டார். மழை மறுபடி நனைத்தது. அவர் மறுபடி வழித்துவிட்டார்.