என் இடுப்பில் ஏறிய வளைகாப்பு

என் பெண்டாட்டிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு. கண்ணாடி வளையல் வாங்கிவரும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கடைக்காரர் அளவு கேட்டார். கல்யாணத்தில் அவள் போட்டிருந்த அளவைப் பெருமையாகச் சொன்னேன். மாசமானால் கை வீங்கும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களோ என்னவோ, அந்தப் பக்கம் நான் மழைக்குக்கூட ஒதுங்கியவன் இல்லை.

சவுக்காரம் தடவி, அவள் பல்லைக் கடிக்கக் கடிக்க ஏற்றிவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் தொல்லை ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் எல்லாம் மரத்துக் கிடக்கும். அப்புறம் ஊசி குத்துவதுபோலச் சுரீர் என்னும். சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றுமில்லை. என்னைப்போலவே வேலை என்றால் ஒதுங்கி நிற்கும் விரல் அது.

ஒருநாள் கோப்பி குடிக்கும் பீங்கான் மங்கு அவள் கையிலிருந்து நழுவி உடைந்தது. மங்குக்காக அவள் அழவில்லை.

"இதையே பிடிக்க முடியலங்க. பிள்ளையை எப்படித் தூக்குவேன்?"

அதற்குப் பிறகு நான் வைத்தியனானேன். ஜாதிக்காய் எண்ணெய் வாங்கிவந்து அழுத்தித் தேய்த்தேன். தோட்டத்தில் கித்தா ரப்பர் மூட்டை தூக்கிப் பழகிய கை என்னுடையது. அவள் போட்ட சத்தம் பக்கத்து ஊரான புக்கிட் பாரு வரை கேட்டிருக்கும். சீனக் கடை மருந்துத் துணியை ஒட்டினேன். தோல் சிவந்ததுதான் மிச்சம். எங்கள் ஊர் காஜா பேராங் முழுக்கச் சுதந்திரம் கேட்டுக் கையைத் தூக்கி "மெர்டேக்கா" என்று கத்திக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் வீட்டில் ஒருத்தியால் கையைத் தூக்கித் தலைகூட வாரமுடியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? அளவு சொன்னவன் நான்தானே.

வழியை அவளேதான் கண்டுபிடித்தாள். மத்தியானம் தலையணைமேல் கையை நீட்டி வைத்தபடி தூங்கிப்போனாள். எழுந்ததும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மணிக்கட்டு மடங்கினாத்தான் மரத்துப்போகுதுங்க. நேரா இருந்தா அவ்வளவா இல்ல."

அகப்பைக் காம்பைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்து வந்தேன், மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்று. கட்ட வேண்டிய இடத்தில் வளையல்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கழற்றப் போனேன். மாமியார் ஓடிவந்தார்.

"ஐயோ மாப்பிள்ளை! பிரசவ வலி வர்றவரைக்கும் வளையல் இறங்கக்கூடாது. சத்தம் பிள்ளை காதுல விழணும்லா!"

"கை வீங்கிக் கெடக்கு, அத்தை."

"எங்களுக்கெல்லாம் வீங்கலையா? சின்ன அளவு வாங்கினது யாரு?"

அகப்பைக் காம்பை எடுத்த இடத்திலேயே வைத்தேன். நாலைந்து நாள் இதே பேச்சு. கடைசியில் என் பெண்டாட்டிதான் கேட்டாள்:

"அம்மா, பொறக்கிற பிள்ளைக்கு என் வளையல் வேணுமா, கை வேணுமா?"

மாமியார் மகளின் வீங்கிய விரல்களைத் தொட்டுப் பார்த்தார். அந்த இடைவெளியில் நான் புகுந்தேன்.

"சத்தம்தானே வேணும் அத்தை? அதை நான் பார்த்துக்கிறேன்."

தேங்காயெண்ணெய் விட்டு, ஒவ்வொன்றாக உருவினோம். ஒன்று உடைந்தால்கூட அபசகுனம் என்று மாமியார் பக்கத்திலேயே நின்றார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. எல்லாம் முழுசாக வந்தன. சணல் கயிற்றில் கோத்து என் இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

"சும்மா கட்டினா எப்படி? ஆடுங்க மாப்பிள்ளை."

ஆடினேன். தினமும் வேலை முடிந்து வந்து, பெண்டாட்டி வயிற்றுப் பக்கமாக நின்று இடுப்பை ஆட்டுவது என் கடமையானது. இரண்டு மணிக்கட்டிலும் அகப்பைக் காம்பு கட்டி உட்கார்ந்திருந்தவள் சிரித்துச் சிரித்து, "போதும், வயிறு வலிக்குது" என்பாள். ஒருநாள் அவிழ்க்க மறந்து கோப்பிக் கடைக்குப் போய்விட்டேன்.

"யாருடா மாட்டை அவுத்துவிட்டது?" என்று கேட்டான் கடைக்காரன்.

மரமரப்பு முழுக்கப் போனதா என்றால் இல்லை. காலையில் மங்கைப் பிடிக்க முடிந்தது, அவ்வளவுதான். அதுவும் ஒருநாள் முடியும், ஒருநாள் முடியாது. எங்கள் இருவருக்கும் அது எரிச்சலாகவே இருந்தது.

பிள்ளை பிறந்தது. மருத்துவச்சி நீட்டியபோது, என் பெண்டாட்டி விரலை நம்பாமல் முழங்கையிரண்டையும் சேர்த்து ஏந்தினாள். கொஞ்ச நேரம் கழித்து விரல்கள் மெதுவாகத் துணியைப் பற்றின.

"பிடிக்குதுங்க," என்றாள்.

பிள்ளை வீறிட்டு அழுதது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வளையலைக் கட்டிக்கொண்டு வந்து ஆடினேன். அது இன்னும் பலமாக அழுதது.