விலாவில் மூன்று கறுப்புப் புள்ளி

புற்றுநோய் என்று என் மார்பில் கட்டியை எடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலாவில் வலி என்றதும் புனேயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

கையில் ஊசி போட்டார்கள். மூன்று மணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு குடம் உள்ளே போயிருக்கும். பிறகு மெஷினுக்கு அடியில் படுக்கவைத்தார்கள். ஊசி மருந்து எலும்பில் ஒட்டுமாம். எங்கே எலும்புக்குள் வேலை மும்முரமோ, அங்கே படம் கறுப்பாக விழுமாம். நான் படித்தது நாலாவதுதான், ஆனால் ஒரு தடவை கேட்டதை விடமாட்டேன்.

மராட்டிக்கார டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "மாவ்ஷி, இடது விலாவில் மூணு இடம் ஹாட்டா இருக்கு. எங்கயாவது விழுந்தீங்களா?" என்று இந்தியில் கேட்டார். மாவ்ஷி என்றால் மராட்டியில் சித்தி.

"இல்லையே!"

என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. "திரும்பி வந்துடுச்சா சார்?" என்றார்.

எனக்கோ ரோஷம். ஹாட் என்றால் சூடு என்று எனக்குத் தெரியாதா? "சூடு இருக்காதா பின்னே? ஒரு மாசமா உப்பை வறுத்து ஒத்தடம் கொடுக்கிறேனே!"

"ஒத்தடமா? எதுக்கு?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். போன மாசம் வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போனபோது, குவார்ட்டர்ஸ் பின்னால் இருந்த மைதானத்தில் இவருடைய மொபெட்டை ஓட்டிப் பார்த்தேன். ஹேண்டில்பார் விலாவில் குத்த, குப்புற விழுந்தேன்.

"ஏங்க, கோவிச்சுக்கக் கூடாது..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "கேட்டேனே மாவ்ஷி!"

"இவர் பக்கத்துல நிக்கிறாரே, எப்படிச் சொல்றது?"

அவர் சிரித்தபடி படத்தைக் காட்டினார். மூன்று புள்ளியும் கோலத்துக்கு வைத்ததுபோல ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்வரிசையில் இருந்தன. வியாதி என்றால் பெரும்பாலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறுமாம். உடைந்த எலும்பு ஒட்டும்போதும் இப்படிக் கறுக்குமாம். "எதுக்கும் எக்ஸ்ரே பார்த்துடுவோம்."

பார்த்தார்கள். அதே மூன்று எலும்பிலும் விரிசல், மேலே புது எலும்பு வளர்ந்துகொண்டிருந்தது. வியாதி இல்லை!

இவர் என்னைத் திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன். மனுஷர் வராந்தாவுக்கு ஓடி, எதிரில் வந்த நர்சம்மாவிடம், "கிர் கயீ! மேரி பீவி கிர் கயீ!" என்று கத்தினார். பெண்டாட்டி விழுந்துவிட்டாள் என்று இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அந்த அம்மாள் பார்த்திருக்கமாட்டாள். ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவர ஓடினாள்.