ஏழாவது தலை

அத்தையின் தகரப் பெட்டியில் ஒரு வெள்ளைத் துணி இருந்தது. பட்டு மாதிரி வழுவழுப்பு. மடித்தால் உள்ளங்கையில் அடங்கும், விரித்தால் ஒரு வேட்டி அகலம் வரும். ஓரத்தில் இரண்டு கயிறு அறுந்து தொங்கும். அறுத்தது எங்கள் குப்பத்து ஆட்கள், மீன் வெட்டும் கத்தியால். அந்தக் கயிறு காலில் சுற்றித்தான் எங்கள் தாத்தா செத்தார். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அத்தை அதை வெளியே எடுப்பாள். மற்ற நாளெல்லாம் பெட்டியின் மேல் மீன் கூடையைக் கவிழ்த்து வைத்திருப்பாள். ஒருத்தரும் கை வைக்க மாட்டோம்.

அத்தை என் அப்பாவுக்குத் தங்கச்சி. திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்றவள். அவள் பேரை இங்கே எழுத மாட்டேன். அவள் பேரை எங்கேயும் போடச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவள் கேட்டது அவள் அப்பன் பேரை. தேசப்பன்.

யுத்த காலம். அத்தை அப்போது அவள் அம்மா வயிற்றில். பார்த்ததில்லை, ஆனால் பார்த்தவள் மாதிரி சொல்வாள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே பயந்து கிடந்த நேரம். எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே, விடிந்து கொஞ்ச நேரத்தில், புகையோடு ஒரு குண்டு போடுகிற ஏரோப்ளேன் வந்து கடலில் விழுந்தது. அதற்கு முன்னால் வானத்தில் ஆறு வெள்ளைக் குடை விரிந்து இறங்கியது. யாருடைய பிளேன் என்று கரையில் யாருக்கும் தெரியாது. நாலு கட்டுமரம் போனது. "தண்ணில உயுந்தவன் எவனா இருந்தா இன்னா, மொதல்ல தூக்கு" என்று தாத்தா சொன்னாராம். வெள்ளைக்காரர்கள்தான். அஞ்சு பேர் பாராசூட் துணியோடு சிக்கிக் கிடந்தார்கள். ஒருத்தன் மட்டும் துணியைக் கழற்றிவிட்டு நீந்திக்கொண்டு வந்தான். ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு மரம் திரும்பியது.

அப்போதுதான் தாத்தா அந்த ஆறாவது துணியைப் பார்த்தார். தண்ணீரில் ஊதிக் கிடந்தது. வலை கனத்து ஊதினால் உள்ளே மீன் இருக்கிறது என்று நம்பிப் பழகிய கண். துணி ஊதியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அது நம்பிவிட்டது. "இன்னொருத்தன் கீறான்டா" என்று குதித்தார். உள்ளே யாரும் இல்லை. துணி தண்ணீர் குடித்து இறங்க ஆரம்பித்தது, கயிறு காலைச் சுற்றியது. கத்தி போட்டுத் துணியையும் கயிற்றையும் அறுத்து அவரை மேலே கொண்டு வந்தார்கள்; காலோடு வந்த துண்டுதான் பெட்டியில் இருப்பது. மூச்சு இல்லை. கரையில் ஆறு பேர் கஞ்சி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஏழாவதாக அவரையும் பக்கத்தில் படுக்க வைத்தார்கள்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம். பிளேன் கிடக்கிற இடத்தில் வலை மாட்டும், அதனால் இடம் எல்லாருக்கும் தெரியும். அதைத் தாண்டும்போது போட்டில் இருக்கிற தலையை வாய்விட்டு எண்ணுவோம். ஒரு தலை கூட்டி எண்ணுவோம். நாலு பேர் போனால் அஞ்சு. விபத்து நடந்த நாளில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. முகத்துவாரத்தில் இரண்டு மூங்கில் நட்டு அந்தத் துணியைக் கட்டுவோம். எல்லாரும் ஒரே பானைக் கஞ்சி குடிப்போம். ஆறு பேர் பிழைத்ததற்கும் அதுதான், ஒருத்தர் செத்ததற்கும் அதுதான். பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் சிரிப்பார்கள். "இன்னா மாமு, உங்க குப்பத்துல ஒருத்தனுக்கும் எண்ணத் தெரியாதா?" என்பார்கள். "உன் தலைய நீ எண்ணிக்கோ போ" என்று அத்தை அங்கிருந்தே பதில் கொடுப்பாள்.

இன்றைக்கு இருபது வருஷத்துக்கு முன்னால், அத்தைக்கு அறுபது வயசு இருக்கும்போது நடந்தது இது. பட்டணத்திலிருந்து ஒரு குழு காரில் வந்தது. பிளேன் விழுந்ததற்கு ஞாபகக் கல் வைக்கப் போகிறோம் என்றார்கள். நாங்கள் மூங்கில் நடுகிற இடத்திலேயே குழி வெட்டினார்கள். எங்களுக்கும் சந்தோஷம்தான், பெண்டுகள் கோலம் போட்டார்கள். கூட ஒரு வயசான வெள்ளைக்காரர், கையில் தடி. அந்த ஆறு பேரில் உயிரோடு மிச்சம் இருந்தது அவர் ஒருத்தர்தான். கறுப்புக் கல்லை வேனிலிருந்து இறக்கினார்கள். எனக்கு மூணாவது வரைதான் படிப்பு, அது இங்கிலீசு கல்.

"நைனா, இதுல எங்கப்பன் எங்கடா?" என்றாள் அத்தை.

வரியை எண்ணினேன். "ஆறு பேருதான் கீது அத்தே. கீழ ஒரு சின்ன வரி."

குழுவுக்குப் பெரியவர், அந்த வெயிலிலும் கோட்டு போட்டிருந்தவர், பொறுமையாகத்தான் சொன்னார். "உள்ளூர் மீனவர்கள் உதவினார்கள்னு போட்டிருக்கோம்மா. உங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான்."

"உள்ளூர் மீனவருக்கு அப்பன் ஆத்தா பேரு வெக்கலியா சார்?" என்று கேட்டுவிட்டு அத்தை கூடையை இறக்கினாள். புடவையை இழுத்துச் செருகினாள். குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டாள். மார்பு வரைக்கும் குழி மறைத்தது. தலையும் தோளும்தான் வெளியே தெரிந்தது.

கோட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. தங்கள் ரெக்கார்டில் அன்றைக்கு யாரும் சாகவில்லை என்றார். அப்புறம் சொன்னார்: "அப்படியே இருந்தாலும், அவர் யாரையும் காப்பாத்தப் போய் சாகலையே. ஆளே இல்லாத துணிக்காகப் போனார்."

அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் எங்களுக்கு உறைத்தது. கோலம் போட்ட பெண்டுகள்கூட நிமிர்ந்து நின்றார்கள். அத்தை குழிக்குள்ளிருந்தே அண்ணாந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"உள்ள ஆளு கீதா இல்லியான்னு பாத்துட்டா சார் குதிப்பாங்க? பாத்துகினு நின்னா அவன் செத்துப்பூடுவான். கீதுன்னு நெனச்சாரு, குதிச்சாரு. அவ்ளோதான் அது."

வெள்ளைக்காரர் கூட வந்த பெண்ணிடம் என்ன பேச்சு என்று கேட்டார். அந்தப் பெண் எடுத்துச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. அத்தை என்னைப் பார்த்து, "போய் எடுத்தா" என்றாள். பெட்டியைத் திறந்து துணியை எடுத்து வந்தேன். அவர் வாங்கி ஓரத்துத் தையலைத் தடவினார். தடியைப் போட்டுவிட்டுக் குழி ஓரத்தில் மண்ணில் உட்கார்ந்தார். கழற்றிவிட்டு நீந்தி வந்தவன் அவர்தான். தண்ணீரில் விழுந்ததும் கழற்று என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம், கழற்றினாராம். கரையில் தன் பக்கத்தில் படுத்திருக்கிறவர் யார் என்று அன்றைக்கே கேட்டாராம். தூங்குகிறார் என்று யாரோ சைகை காட்டினார்களாம். குடிக்கிற கஞ்சியை ஏன் கெடுக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் நினைத்திருப்பார்கள். அறுபது வருஷம் அவர் அதையே நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

அத்தை அவரையே பார்த்தாள். "அழுவாதே சொல்லு அவருகிட்ட. பொழைக்கத்தானே தூக்கினாங்க."

இங்கேயே முடிந்திருக்கலாம். கோட்டுக்காரர் துணியைப் பார்த்துவிட்டார். வெளிநாட்டில் கண்காட்சியில் வைக்க வேண்டிய பொருள் என்றார். இதைக் கொடுத்தால் பேர் சேர்ப்பது பற்றி எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார்.

"பேரு இன்னா மீனா சார், கூறு கட்டி விக்கறதுக்கு?" என்றாள் அத்தை. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வெள்ளைக்காரர் கையிலிருந்து துணியை மெதுவாக வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பேர் வரும்வரை கல் காத்திருக்கட்டும் என்று வெள்ளைக்காரர் சொன்னார். கோட்டுக்காரர் கேட்கவில்லை. விழாவுக்கு ஆட்களை அழைத்தாகிவிட்டது என்றார். கல்லைத் திரும்ப வேனில் ஏற்றினார்கள். பக்கத்தில் இருந்த கம்பெனி கேட்டுக்கு உள்ளே, குரோட்டன்ஸ் செடிகளுக்கு நடுவில் நட்டார்கள். மறுநாள், பிளேன் விழுந்த நாளன்று, அங்கே விழா நடந்தது. வெள்ளைக்காரர் அதற்குப் போகவில்லை. எங்களோடு முகத்துவாரத்தில் நின்றார். பிழைத்த ஆறு பேரோடு தாத்தாவையும் சேர்த்து எண்ணும்போது அவரும் விரலை மடக்கினார். கடைசியில் "ஏலு" என்றார். "நம்மாளு மாதிரியே சொல்றான்டி" என்று ஒருத்தி சொன்னாள். எங்களுக்கும் 'ழ' அப்படித்தான் வரும்.

அந்த வாரம் நான் வெல்டராக வேலை செய்த கப்பல் ரிப்பேர் யார்டில் ஒரு பழைய கப்பல் தகடு கிடந்தது. கேட்டு வாங்கி வந்தேன். வெள்ளைக்காரரோடு வந்த பெண் ஆறு பேருடைய பேரையும் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். வெல்டிங் ராடாலேயே எழுத்து எழுத்தாகத் தகட்டில் ஏற்றினேன். கல்லில் எழுத்து பள்ளமாக இருக்கும். இதில் மேடாக இருக்கும். ஆறியதும் அத்தையைக் கூப்பிட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. விரலை வைத்துத் தடவினாள்.

"எங்கப்பன் எது?"

விரலைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தேன். "கடைசியா வெச்சிக்கீறேன் அத்தே. ஏழாவது. மேல வெக்கணுமா?"

"வேணாம். அவரு கடைசியாத்தான் எண்ற தலை." கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. "ஆறு பேரும் மேல கீட்டும். அவனுங்க இன்னா பண்ணானுங்க பாவம்."

தகட்டை முகத்துவாரத்தில், அவள் உட்கார்ந்த அதே குழியில் நட்டோம். உப்புக் காற்றில் வருஷா வருஷம் துரு ஏறும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பேன், தேய்ந்த எழுத்தின் மேல் மறுபடி ராடு ஓட்டுவேன். அத்தை போய்ச் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆகிறது. பெட்டி இப்போது என் வீட்டில். மேலே அவள் கூடையைத்தான் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் அந்தக் குழுவிலிருந்து மறுபடி வந்தார்கள். புது ஆட்கள், நல்லபடியாகத்தான் பேசினார்கள். கல்லுக்குப் பாலிஷ் போட்டிருக்கிறதாம், விழாவாம். கேட்டுக்குள் வரக் குப்பத்துக்குப் பத்து பாஸ் கொடுத்தார்கள். துணியை இரண்டு மணி நேரம் மேசையில் வைக்க வேண்டுமாம். கல்லில் எத்தனை பேர் என்று கேட்டேன். ஆறு என்றார்கள். பதினொரு பாஸ் கொடுங்கள் என்றேன்.

"பதினொண்ணாவது யாருக்கு?"

"தேசப்பன்."

எழுதப் போனவர் நிறுத்திவிட்டார். விசாரித்துவிட்டு வந்து, ஆள் இல்லாமல் பாஸ் தர முடியாது என்றார். பத்தையும் திருப்பிக் கொடுத்தேன். குப்பத்தில் ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

பிளேன் விழுந்த நாளன்று கம்பெனி கேட்டுக்குள் மைக் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். முகத்துவாரம் இப்போது பாதி மண்ணேறிவிட்டது, கம்பெனி மதில் கிட்டே வந்துவிட்டது. தகட்டைத் தேய்த்து வைத்தோம். கஞ்சி குடித்தோம். நான், என் மகன், மகனுடைய தோஸ்து, மூணு பேர் போட்டை எடுத்தோம். பிளேன் கிடக்கிற இடம் கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான்; அங்கே இஞ்சினை நிறுத்தினோம். துணியைத் துடுப்பில் கட்டித் தூக்கினேன். காற்று பிடித்து ஊதியது, உள்ளே ஆள் இருக்கிற மாதிரி. இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினோம். நாலைக் கரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கத்தி எண்ணினோம். மைக்கைத் தாண்டி அது மதிலுக்குள் கேட்டிருக்கும்.