பொன்னுருக்கிய குற்றம்

அந்த ஏழு கிழமையும், கிழமைக்கு இரண்டு தரம், திங்களும் வியாழனும் வேலையால் வந்து, முகம் கழுவி, அயர்ன் பண்ணின சேட்டொன்றை மாட்டிக்கொண்டு நாங்கள் குடியேறியிருந்த லிட்கம் பகுதிப் பொலிசுக்குப் போய்க் கையெழுத்து வைத்தேன். மேசையில் இருக்கும் சார்ஜன்ட் கொப்பியை என் பக்கம் திருப்பிவிட்டு, மழை வருமா, கிரிக்கெட்டில் யார் வெல்வார்கள் என்று விசாரிப்பார். புறப்படும்போது "வியாழக்கிழமை பார்ப்போம், மேட்" என்பார். யாழ்ப்பாணத்தில் ஒருவன் பொலிஸ் வாசலில் சைக்கிளை நிறுத்தினாலே அவன் தங்கைக்குப் பேசின கலியாணம் குழம்பிவிடும். இங்கே என்னைக் கள்ளன் என்று எழுதி வைத்துக்கொண்டே மரியாதை தந்தார்கள். அந்த மரியாதைதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

நான் செய்த குற்றம் உண்மையைச் சொன்னது. மனைவி சரோவின் தாலிக்கொடியில் இரண்டு முனையையும் பூட்டும் சுரை தேய்ந்து கழன்றுவிட்டது. அதைத் திருத்த ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். பதினொரு பவுண் கொடியைக் கையில் ஏந்திப் பார்த்த கடைக்காரர் உள்ளே போய் ரெலிபோன் எடுத்தார். சற்று நேரத்தில் ஒரு டிடெக்டிவ் வந்தார். அந்தப் பகுதியில் வீடுடைத்து நகை களவு போயிருந்ததாம். பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கடையில் வாங்கவில்லை, எங்கள் வீட்டில் வைத்து உருக்கினோம்" என்றேன். கலியாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், சொந்தபந்தம் சூழ்ந்திருக்கத் தட்டார் தாலிப் பொன்னை உருக்குவார். அந்தப் பொன்னுருக்கலைவிடப் பெரிய அத்தாட்சி எனக்குத் தெரியாது. அவரோ "வீட்டிலா? உருக்கினீர்களா?" என்று இரண்டு தரம் கேட்டு, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டார். களவு நகையை வைத்திருப்பவனும் வீட்டில்தான் உருக்குவான் என்பது என் மண்டைக்குள் அப்போது ஏறவில்லை.

திருட்டுப் பொருள் என்று சந்தேகிக்கத்தக்க ஒன்றை வைத்திருந்ததாகக் குற்றம் பதிந்து, பொலிஸ் பிணையில் விட்டார்கள். கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கொடி ஒரு பொதிக்குள் போய் முத்திரை வாங்கியது. வழக்கில் தோற்றால் கொடி திரும்பாது, நிரந்தர வதிவிடமும் கிடையாது, ஊருக்குத் திரும்பினால் முகத்தை எங்கே வைப்பது? சரோ அந்த நாட்களில் கழுத்தைச் சுற்றிச் சால்வை போட்டபடிதான் வெளியே போனாள்.

பிணை முடிந்து நீதிமன்றத்தில் நிற்கவேண்டிய நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னோடு வேலைசெய்த மதராஸ்காரர் வேங்கடேசன் வீடு தேடி வந்து புத்தி சொன்னார்.

"சார், ஒரு டூத்பிரஷ்ஷும் ரெண்டு சட்டையும் எடுத்துட்டுப் போங்க. ஜாமீன் முடிஞ்சா அப்படியே உள்ளே வெச்சுடுவாங்க."

"சும்மா இருங்கோ அண்ணை. இவர் களவெடுக்கேல்லை. பின்னேரம் என்னோடைதான் வீட்டை வருவார்" என்றாள் சரோ.

என் சட்டத்தரணி முதல் கிழமையிலேயே விளக்கினதை இனி இங்கே வரப்போகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். பொலிஸ் தந்த பிணை நீங்கள் நீதவான் முன் நிற்கும்வரைக்கும்தான். விசாரணை முடியாவிட்டால் நீதிமன்றம் தானே பிணையை நீட்டலாம், மறுத்து உள்ளேயும் வைக்கலாம். பொலிசார் வழக்கைக் கைவிட்டால் அன்றே வீட்டுக்குப் போகலாம். பிணை முடிந்தது என்பதற்காக ஒருவன் குற்றவாளி ஆவதில்லை. பயந்துபோய் அன்றைக்கு வராமல் நின்றால்தான் தொலைந்தான். இவ்வளவும் சொல்லிவிட்டு, "நீங்கள் பொன்னை உருக்கியதை யாராவது பார்த்தார்களா?" என்று கேட்டார். "ஒரு நாற்பது பேர் பார்த்தார்கள்" என்றேன். மனிதர் பேனையைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்றே ஊருக்குக் கடிதம் போட்டேன். அன்று பொன்னை உருக்கிய கன்னாதிட்டித் தட்டார் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, கொடியின் நிறையும் வேலைப்பாடும் எழுதி அனுப்பினார். என்னைப் பெற்ற ஐயா பொன்னுருக்கல் படத்தை அனுப்பியிருந்தார். உருக்கின பொன்னைத் தட்டில் வைத்துக்கொண்டு அவர் நடுவில் நிற்கிறார், சுற்றிவர முழுச் சாதிசனமும் கமராவைப் பார்த்துப் பல்லிளிக்கிறது. சட்டத்தரணி எல்லாவற்றையும் டிடெக்டிவிடம் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த நாள் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கோட்டுப் பைக்குள் டூத்பிரஷ் இருந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன். பொலிஸ் தரப்பில் எழுந்தவர், சாட்சியம் எதுவும் முன்வைக்கப் போவதில்லை என்றார். நீதவான் வழக்கைத் தள்ளுபடி செய்தார், பிணையும் அத்தோடு முடிந்தது, நான் போகலாம் என்றார். நான் தமிழிலேயே "நன்றி ஐயா" என்று சொல்லிவிட்டேன். சபை சிரித்தது, நானும் சிரித்தேன். ஏழு கிழமைக்குப் பிறகு நிமிர்ந்து நடந்து வெளியே வந்தேன்.

டிடெக்டிவ் பொதியோடு பின்னால் வந்தார். "படம்பிடிக்க ஆள் வைத்துப் பொன் உருக்கும் கள்ளனை நான் இன்னும் சந்திக்கவில்லை" என்று கை நீட்டினார். நான் கைகொடுத்துப் பொதியை வாங்கிக்கொண்டேன். கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் பொய்.

"இஞ்சையே போட்டுவிடுங்கோ. கிழக்கு எந்தப் பக்கம்?" என்று சரோ சால்வையைக் கழற்றினாள்.

நான் அண்ணாந்து பார்த்தேன். உச்சிப் பொழுதில் சூரியன் இந்த நாட்டில் வடக்கே நிற்கும், எனக்குத் திசை பிடிபடவில்லை. டிடெக்டிவிடமே கேட்டோம். அவர் கடல் இருக்கும் பக்கத்தைக் கைகாட்டிவிட்டு, ஏனோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார். சுரை இன்னும் திருத்தாமல் கிடந்தது. பொலிஸ் பொதியைக் கட்டியிருந்த வெள்ளை நூலால் கொடியின் இரண்டு முனையையும் சேர்த்து அவள் பிடரியில் இறுக்கி முடிந்தேன். அவர் காட்டிய கிழக்கைப் பார்த்து இருவரும் கும்பிட்டோம். யாழ்ப்பாணம் எங்கள் முதுகுப் பக்கம் இருந்தது.