சனிக்கிழமை லீவும் ஒரு முறம் வெடியும்

தீபாவளி சீசன் முடிந்ததும் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் ஞாயிறோடு சனிக்கிழமையும் லீவு விட்டார்கள். உடம்புக்கு நல்லதுதான். ஆனால் எனக்கு வெடிகளைச் சரமாகப் பின்னும் வேலை. பின்னிய எண்ணிக்கைக்குத்தான் கூலி. வீட்டில் பின்னித் திங்கட்கிழமை கொடுத்துவிடலாம் என்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் வெடிகளை மடியில் மறைத்து நாரணாபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மறுநாள் அடைமழை. வெடிகள் நமத்திருந்தன. முறத்தில் பரப்பி அடுப்புக்குச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுக் கஞ்சி காய்ச்சினேன். திடீரென விறகு தெறித்தது. முறத்தின் ஓரத்தில் பொறி விழுந்து புகைந்தது. மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்த என் வீட்டுக்காரர், தலையில் போட்டிருந்த ஈரச்சாக்கை முறத்தின் மேல் போட்டு அமுக்கினார்.

"பிள்ளை எங்கன?" என்றார்.

நாலடி தள்ளித் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள் கூலி போகுதேன்னுதான்..." என்று இழுத்தேன்.

"வீட்டுல இருன்னு லீவு விட்டா, வீட்டையே கம்பெனியா ஆக்கிட்டியே புள்ள!"

இப்போது வெள்ளிக்கிழமை வெறுங்கையோடுதான் வருகிறேன். சனிக்கிழமை முழுக்க என் மடியில் பிள்ளைதான். கஞ்சி மட்டும் முன்னைவிட நீர்க்க இருக்கிறது. லீவு விடுகிறவர்கள் அந்தப் பானையையும் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் தேவலை.