டைட்டுன்னா பிளஸ்ஸு, லூஸுன்னா மைனஸ்ஸு

கதவு கையோட வந்துடுச்சு.

மொமென்ட் சொல்லித்தர்ற வேலையில இதெல்லாம் சகஜம்னு எனக்கு யாரும் சொல்லல. மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்சவங்களே, வெச்சுட்டு வீட்டுல இன்னும் சொல்லாதவங்களே, உங்களுக்காகத்தான் இத டைப் பண்றேன். அடுத்த பேட்ச் வர இருபது நிமிஷம் இருக்கு.

முத்தியால்பேட்டையில ஒரு பழைய வீட்டு மாடியில பாலிடெக்னிக் பசங்களுக்கு டியூஷன் எடுக்கறேன். அன்னிக்கு இந்த பேட்ச்சுக்கு முதல் கிளாஸ். "கீல்ல இருந்து எவ்ளோ தள்ளி தள்ளுறோமோ அவ்ளோ ஈஸியா கதவு திரும்பும், இதான் மொமென்ட்!"னு கத்திட்டு, செஞ்சே காட்றேன்னு கெளம்பிட்டேன். இருக்கறதுலயே ஒல்லி காவ்யா. அவ கைப்பிடிகிட்ட ஒரே ஒரு விரல வெச்சு இந்தப் பக்கம் தள்ளணும். அந்தோணி அண்ணன் கீல்கிட்ட ஒரு இஞ்ச் தள்ளி கைய வெச்சு அந்தப் பக்கம் தள்ளணும். "முழு பலத்தோட தள்ளுங்கண்ணா, அசையாது பாருங்க!"

அந்தோணி அண்ணன் யாருன்னு அப்பவே யோசிச்சிருக்கணும். சேதராப்பட்டுல ஒரு கம்பெனியில பதினாறு வருஷமா ஃபிட்டர். டிப்ளமோல இந்த ஒரு பேப்பர் மட்டும் பாக்கி. அத முடிச்சு சர்டிபிகேட் குடுத்தா சூப்பர்வைசர் வேல. பரீட்சை நடத்தற போர்டுல இதான் கடைசி சான்ஸ்னு சொல்லிட்டாங்க. அந்த ஆளு முழு பலத்தோட தள்ளுனாரு. காவ்யா விரல் அசையல. கதவும் திரும்பல. கீல் ஸ்க்ரூ எல்லாம் பிடுங்கிக்கிட்டு பறந்துச்சு.

வீட்டு ஓனர் பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு. எங்க ஊர்ல இவங்கள சொல்தான்னு சொல்லுவாங்க. சத்தம் கேட்டு மேல வந்தாரு. அண்ணன் கையில இருந்த கதவப் பாத்தாரு, வாசலப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "மதமுவாசெல், தட்டாம உள்ள வர்ற பழக்கம் எனக்கில்ல. இப்ப எதத் தட்டட்டும்?"

போல்ட்டுக்கு வந்த சந்தேகம்

மொமென்ட் கணக்குல எந்தப் பக்கம் சுத்துனா பிளஸ், எந்தப் பக்கம் சுத்துனா மைனஸ்னு முதல்லயே முடிவு பண்ணிக்கணும். ஆன்ட்டிகிளாக்வைஸ் பிளஸ், கிளாக்வைஸ் மைனஸ்னு போர்டுல பெருசா எழுதிப் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அந்தோணி அண்ணன் நோட்ட வாங்கிப் பாக்கறேன், பிளஸ்ஸும் இல்ல, மைனஸ்ஸும் இல்ல. ஒவ்வொரு ஃபோர்ஸ் பக்கத்துலயும் 'டை', 'லூ', 'டை', 'லூ'.

"இன்னாண்ணா இது?"

"வலது பக்கம் சுத்துனா டைட்டு, இடது பக்கம் சுத்துனா லூஸு, மிஸ். நான் கத்துக்கிட்டதே அப்டித்தான்."

"சரி, டைட்டு வர்ற எடத்துல மைனஸ் போடுங்க."

அண்ணன் பேனாவ மூடி பாக்கெட்டுல வெச்சுட்டாரு. "டைட் பண்ணாதான மிஸ் வேல முடியும்? அதுக்குப் போயி மைனஸ்ஸா?"

நான் விடல. மாத்த வெச்சேன். அடுத்த டெஸ்ட்டுல பாதிக் கணக்கு என் வழியில, பாதி அவரு வழியில. பத்துக்கு ஒண்ணு. அந்த ஒண்ணும் பேரு எழுதுனதுக்கு நான் போட்டதுதான். கடைசி சான்ஸ் ஆளக் கொழப்பி விட்டுட்டேனேன்னு பயந்து போயி புக்கத் தொறந்தா, முதல் பக்கத்துலயே இருக்கு: எந்தப் பக்கத்த வேணும்னாலும் பிளஸ்ஸா எடுத்துக்கலாம், கணக்கு முடியற வரைக்கும் மாத்தாம இருந்தா போதும். ஒரு வருஷமா அந்த வரியத் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன்.

"அண்ணா, டைட்டே பிளஸ்ஸா இருக்கட்டும். கணக்குக்கு மேல ஒரு ஆரோ போட்டு 'கிளாக்வைஸ் பிளஸ்'னு எழுதிடுங்க, நடுவுல மாத்தாதீங்க"ன்னேன். அண்ணன் பெருமூச்சு விட்டாரு. "இத முன்னாடியே சொல்லியிருந்தா, கம்பெனி போல்ட்டெல்லாம் தப்பா டைட் பண்ணிட்டேனோன்னு ஞாயித்துக்கெழம போயி செக் பண்ணியிருக்க மாட்டேன், மிஸ்."

ஸ்கேலோட ஒரு பயணி

இருங்க, பேட்ச் வந்துட்டாங்க.

வந்துட்டேன். கப்பிள் நடத்துன கதை. சம அளவுல ரெண்டு ஃபோர்ஸ், எதிரெதிர் பக்கமா, நடுவுல கொஞ்சம் எடம் விட்டு. பொருள் நகராது, சுத்த மட்டும் செய்யும். தெனம் பாக்கற ஒரு கப்பிள அளந்துட்டு வாங்கன்னு ஹோம்வொர்க் குடுத்தேன். காவ்யா காலாப்பட்டுல இருந்து பஸ்ல வர்றவ. கெளம்பப் போற நேரத்துல டிரைவர் சீட்டுகிட்ட போயி ஸ்டீயரிங்குல ஸ்கேல வெச்சிருக்கா. "அங்கிள், ரெண்டு கையாலயும் சமமா புடிங்க, ஒரே நிமிஷம்." பின்னாடி கண்டக்டர் விசில் மேல விசில். டிரைவர் திரும்பிப் பாத்தாராம். "பாப்பா, ஒண்ணு நீ அளந்து முடி, இல்ல அந்த ஸ்கேல வெச்சே வண்டிய ஓட்டிக்கோ."

எனக்கு வந்த இருபத்தாறு

அதே ஹோம்வொர்க்குக்கு அந்தோணி அண்ணன் ஒரு டேப்பும் அதத் திருகற ரெண்டு பக்கக் கைப்பிடியும் கொண்டாந்தாரு. ஓட்டைக்குள்ள மரை வெட்டற டேப். "ஒரு கையால திருகுனா சாஞ்சு ஒடஞ்சிடும் மிஸ். ரெண்டு கையும் சமமா குடுக்கணும்." கப்பிளுக்கு இதவிட நல்ல உதாரணமே கெடையாது! குதிச்சுக்கிட்டுப் போர்டுக்கு ஓடுனேன்.

ஒவ்வொரு கையும் இருபது நியூட்டன். கை ரெண்டுக்கும் நடுவுல முப்பது சென்டிமீட்டர். இருபது இன்ட்டு பாயின்ட் மூணு, ஆறு நியூட்டன் மீட்டர். அதோட நின்னிருக்கலாம். "எந்தப் புள்ளியில இருந்து பாத்தாலும் இதேதான் வரும்!"னு சொல்லி, இடது கைக்கு அரை மீட்டர் வெளிய ஒரு புள்ளி வெச்சேன். இடது கை மேல போகுது, இருபது இன்ட்டு பாயின்ட் அஞ்சு, பத்து. வலது கை கீழ போகுது, இருபது இன்ட்டு பாயின்ட் எட்டு, பதினாறு. ஒண்ணு இந்தப் பக்கம் சுத்துது, ஒண்ணு அந்தப் பக்கம், கழிக்கணும். நான் வேகத்துல கூட்டிட்டேன். இருபத்தாறு.

அண்ணன் கைப்பிடிய ரெண்டு கையால புடிச்சுக்கிட்டே மெதுவா கேட்டாரு. "நீங்க கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா எனக்கு நாலு மடங்கு பலம் வந்துடுமா, மிஸ்?"

தூக்கிக்கிட்ட ஓரம்

பரீட்சை அன்னிக்கு காலேஜ் எதுத்தாப்புல டீக்கடையில நகத்தக் கடிச்சுக்கிட்டு நின்னேன். காவ்யாதான் முதல்ல வந்தா. பீம் கணக்கு வந்திருக்கு. இடது ஓரத்துல ஒரு சப்போர்ட், மூணு மீட்டர் தள்ளி இன்னொண்ணு, அதுக்கும் ரெண்டு மீட்டர் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கற நுனியில ஆறு கிலோநியூட்டன் லோடு.

"இடது பக்கம் மைனஸ் நாலு வந்துச்சு மிஸ். சப்போர்ட் எப்டி மைனஸ்ஸா வரும்? அழிச்சுட்டு பிளஸ் நாலுன்னு போட்டுட்டேன். என் பெஞ்சு வரிசையே அழிச்சாங்க."

அழிக்கக் கூடாத மைனஸ் அது. அதச் சொல்லித்தரணும்னு நெனச்சு, நேரமில்லாம விட்டது நான்தான். பின்னாடியே அந்தோணி அண்ணன் வந்தாரு. கேக்கவே பயம். கேட்டேன்.

"ரெண்டாவது சப்போர்ட்ல நின்னு பாத்தேன் மிஸ். லோடும் டைட் பண்ணுது, இடது சப்போர்ட் மேல தள்ளுனா அதுவும் டைட்தான் பண்ணுது. ரெண்டு பேரும் டைட் பண்ணா பீம் கவுந்துடாது? அந்த ஓரம் தூக்கப் பாக்குது, கீழ இழுத்துப் புடிக்கணும். அதான் மைனஸ். அழிக்கல."

"வேற எதாவது எழுதுனீங்களாண்ணா?"

"பக்கத்துல ஒரு வரி எழுதுனேன்." அண்ணன் கொஞ்சம் வெக்கப்பட்டாரு. "'இந்த எடத்துல ரெண்டு போல்ட் போடவும்'னு."

சேதராப்பட்டுல இருந்து ஒரு ஃபோன்

ரிசல்ட் நேத்து வந்துச்சு. அண்ணன் பாஸ்! காவ்யாவும் பாஸ், மயிரிழையில. நான் மாடியில குதிச்ச குதியில சொல்தா கீழ இருந்து கூரையத் தட்டுனாரு. இன்னிக்கு மத்தியானம் அண்ணன் ஃபோன் பண்ணாரு. சர்டிபிகேட் அப்புறம் குடுத்தா போதும்னு சொல்லி, காலையிலயே சூப்பர்வைசர் சட்டையக் குடுத்துட்டாங்களாம். வெள்ளச் சட்ட. வாழ்த்துக்கள்ணான்னு நான் கத்துறேன், அண்ணன் வெறும் 'ம்'ங்கறாரு.

"இன்னாண்ணா, சந்தோஷமில்லயா?"

"சூப்பர்வைசர் ஸ்பேனரத் தொடக் கூடாதாம், மிஸ். இது தெரிஞ்சிருந்தா அந்த மைனஸ்ஸ நானும் அழிச்சிருப்பேன்."

ஆக, மொமென்ட் சொல்லித்தர்றதுன்னா, நான் போர்டுல பண்ற தப்ப எல்லாம் பசங்க கண்டுபிடிச்சுத் திருத்தி, அதனாலயே பாஸாகி, கடைசியில எனக்கே ஸ்வீட் பாக்ஸ் கொண்டாந்து குடுக்கற வேல.