குடிலைச் சுற்றி ஓடிய ரயில்

அருவங்காட்டில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் குரங்குக் குல்லாயைக் கழற்றி நான் பார்த்ததில்லை. பொம்மை வார்க்கிறவர்; விரல் நுனியில் எப்போதும் வெள்ளையாகப் பிளாஸ்டர் மாவு இருக்கும். அதை ஊதிவிட்டுத்தான் பேசுவார்.

நான் ஆசைப்பட்டு வாங்கிய மலை ரயில் மாடல் கிட்டை, கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாதிரி பார்க்க வேண்டும் என்று அட்டைப்பெட்டியோடு இரவல் வாங்கினார். ஒவ்வொரு துண்டுக்கும் அச்சு எடுத்து, முழு ரயிலையும் வார்த்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். நகல் எடுப்பது குற்றம் என்று அட்டைப்பெட்டியில் இங்கிலீஷில் போட்டிருப்பதை என் மனைவி வாசித்துச் சொன்னாள். எட்டாவதோடு நின்ற எனக்கு அன்றோடு தூக்கம் போயிற்று.

"போலீஸ் வந்தா கிட் வாங்குன என்னையத்தானுங்க பிடிப்பாங்க?" என்றேன்.

விரலை ஊதினார். "ஏனுங்க, நான் என்ன விக்கவா போறேன்? சொந்த உபயோகம். எங்கூட்டுக்குள்ள செய்யறதை எவன் கேப்பான்? குழந்தை ஏசு மட்டுந்தான் பாக்கறாரு."

எனக்கு அதுவும் பயமாகத்தான் இருந்தது.

பண்டிகையன்று குடில் பார்க்கப் போனோம். அடியில் மோட்டார் வைத்த ரயில் அழகாகச் சுற்றியது. மனைவி போனை எடுத்ததும் பதறிப்போய்க் குறுக்கே நின்றார்.

"படம் வேண்டாம் தங்கச்சி. பாத்து அப்படியே காப்பியடிச்சிருவாங்க. காலம் கெட்டுக் கெடக்குது."

குடில் வாசலில் இங்கிலீஷில் ஒரு எச்சரிக்கை ஒட்டியிருந்தது. என் அட்டைப்பெட்டியில் இருந்ததேதான், ஜெராக்ஸ் எடுத்திருந்தார். அந்த நகலுக்கு யார் மேல் கேஸ் வரும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.